பதினொன்றாம் நம்பர் ஊசி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி டீக்குக் கொஞ்சம் முன்னால், திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டோரம் கைக்குழந்தைகளுக்குத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு பனியன் கம்பெனியில், மூன்றாவது லைனில் ஒரு ஊசி உடைந்தது. உடைந்த நுனியைத் தேடி நான்கு பேர் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, அது எட்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்துக்கொண்டிருந்த சாந்தாமணியின் தலைமுடியில், காதுக்கு மேலே, சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெறித்து வந்து விழுந்திருக்கும் என்றார்கள். மறுநாள் ஐந்தாவது லைனில் உடைந்த ஊசியும் அங்கேதான் வந்தது. வியாழக்கிழமை உடைந்தவை மூன்று, மூன்றும் அங்கே. வெள்ளிக்கிழமை யாரும் தவழவில்லை. ஊசி உடைந்ததும் நேரே எழுந்து வந்து, "அக்கா, தலையச் சித்தெ காட்டுங்க்கா" என்று கேட்டு, பேன் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போனார்கள்.

பனியன் கம்பெனிக்குள் கால் வைக்காதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. பச்சைக் குழந்தையின் சட்டையில் ஒரு ஊசி நுனி சிக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டால் அந்த ஆர்டர் மொத்தமும் திரும்பி வந்துவிடும், அடுத்த ஆர்டர் வராது. அதனால் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்தாக வேண்டும். துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, தேதியும் மெஷின் நம்பரும் தைத்தவர் பெயரும் எழுதி, ஊசி நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டின பிறகுதான் ஸ்டோர் ஜன்னலில் இருக்கிற அங்கமுத்து புது ஊசி கொடுப்பார். நுனி கிடைக்கவில்லை என்றால் லைன் நிற்கும், தைத்த பீஸ் எல்லாம் பிரிபடும், சூப்பர்வைசர் நல்லசிவத்தின் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில், நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி சும்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, உடைந்த நுனிகள் எல்லாம் தாமாக அவளைத் தேடி வந்தால், அதை ஏன் எதற்கு என்று கேட்டுக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஆகவே கம்பெனி அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. நூல் வெட்டுகிற கட்டர்களைச் சணலில் கட்டி மெஷின் காலோடு முடிந்தார்கள். பெண்கள் கொண்டை ஊசியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் கிளிப்புக்கு மாறினார்கள். எது இரும்பு, எது இரும்பு இல்லை என்கிற விஷயத்தில் மொத்தக் கம்பெனியும் தேர்ந்துவிட்டது: டீக்காரரின் எவர்சில்வர் டிரம் பேசாமல் நிற்கும், அவர் பாக்கெட்டில் இருக்கிற லைட்டர் எட்டிப் பார்க்கும். விஷயம் வெளியே போய், பாத்திரம் வாங்கினவர்கள் அது நல்ல எவர்சில்வர்தானா என்று பார்க்கச் சனிக்கிழமை சாயந்தரம் கேட்டில் வந்து நின்றார்கள். சாந்தாமணி பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒட்டினால் கடைக்காரனைத் திட்டிக்கொண்டும் ஒட்டாவிட்டால் அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்துவிட்டும் போனார்கள். தெரு முனையில் இருந்த இன்னொரு கம்பெனிக்காரர், வாரத்துக்கு ஒரு நாள் எங்களுக்கும் அனுப்புங்களேன் என்று முதலாளியிடம் கேட்டு, முதலாளி முடியாது என்று சொல்லி, அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தரை விரிசல்களிலிருந்தும் சாக்கடைத் திறப்பிலிருந்தும் பழைய நுனிகள், போன வருஷத்தவை, அதற்கு முந்தின வருஷத்தவை, துருப்பிடித்து எறும்பு மாதிரி ஊர்ந்து வந்து அவள் காலடியில் ஏறின. அவற்றையும் அங்கமுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழைய நோட்டுகளில் அதற்கதற்கான இடம் தேடி ஒட்டினார். அவளை ஊசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியாக இல்லை, மரியாதையாகத்தான்.

இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் மேகலா. சாந்தாமணியின் தங்கை, வயது முப்பத்தாறு, அதே கம்பெனியில் செக்கிங். சாந்தாமணியின் புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான், மேகலாவுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, தாய் தகப்பன் இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே லைன்வீட்டில் ஒரே அடுப்பில் பதினாறு வருஷமாக இருந்தார்கள். கம்பெனி பார்த்ததற்கு மேல் மேகலா வீட்டில் பார்த்தாள். சுவரோரம் நின்ற இரும்பு பீரோ ராத்திரிக்கு ஒரு சாண் அக்காவை நோக்கி நகர்ந்து வந்தது. காலையில் பல் விளக்கின கையோடு அதைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போவாள். இரும்புக் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பாய்க்கு மாறினார்கள். டவுன் பஸ்ஸில் கம்பியோடு தலை ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்க முடியாமல் போனதிலிருந்து நடந்தே போய் வந்தார்கள். அந்த நடையில்தான், அக்காவின் குதிகால் தரையில் படுவதில்லை என்று மேகலா கண்டாள். சாந்தாமணி விரல் நுனியில் நடந்தாள். பிறகு வார்த்தைகள் குறைந்தன. முதலில் நிறங்களின் பெயர்கள், அப்புறம் ஆட்களின் பெயர்கள். எல்லா நிறத்தையும் நூல் என்றாள், எல்லா ஆளையும் கண்ணு என்றாள். ஓவர்லாக்கில் பீஸ் கோணலாகப் போனது. முதலாளி பெருந்தன்மையாக, நீ தைக்க வேண்டாம் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லி, லைன்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். மேகலாவுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போனது. இந்த ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு ஷிப்மென்ட் போனால் அடுத்தது வந்துவிடும்.

தை மாதம் ஒரு நாள் அங்கமுத்து அவளை ஸ்டோருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அங்கமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், ஊசி விஷயத்தில் முதலாளியைக்கூட நம்பாதவர். ஒரு பழைய நோட்டைத் திறந்து வைத்தார். ஒரு வரியில் ஊசியின் அடிக்கட்டையும் நுனியும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. சாந்தாமணி, ஓவர்லாக், பதினொன்றாம் நம்பர் ஊசி.

"ஏழு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம் கண்ணு. உன்ற அக்கா மெசின்ல ஊசி ஒடஞ்சுது. அடிக்கட்ட கெடச்சுது, நுனி கெடைக்கல. அன்னைக்குச் சாயந்தரமே லாரி போயாகோணும். நான் வேற ஒரு ஊசி, கொஞ்சம் தடிச்ச பதினாலாம் நம்பர் நுனிய எடுத்துப் பக்கத்துல ஒட்டிக் கெடச்சுதுன்னு எழுதிப்போட்டேன். இத்தன வருசத்துல அது ஒண்ணுதான் பொய்."

"அதுக்கு இப்ப என்னங்ணா?"

"அன்னைக்கு அவ வெரல்ல ஊசி ஏறுச்சல்லொ? ரத்தம் வந்து நான்தான் மருந்து வெச்சுக் கட்டுனேன். நுனி எங்க போயிருக்கும்னு நெனைக்கற? பழைய நுனி எல்லாம் வந்துருச்சு. இது மட்டும் வரல."

ஊசி உடம்பில் ஏறினால் ரத்தத்தோடு சுற்றும், சுற்றிச் சுற்றி ஒரு நாள் தலைக்குப் போய்விடும் என்பது தைக்கிற ஜனங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது, போன பிறகு என்ன செய்யும் என்பதுதான். இப்போது அதுவும் தெரிந்துபோனது: உள்ளே இருக்கிற நுனி தன் இனத்தைக் கூப்பிடுகிறது. சாயந்தரத்துக்குள் விஷயம் எல்லா லைனுக்கும் போய்விட்டது. பெண்கள் முறை வைத்து வாழைத்தண்டுச் சாறு எடுத்து வந்தார்கள், அது முடியையும் கல்லையும் கரைக்கும்போது ஊசியைக் கரைக்காதா என்று. அங்கமுத்து அன்றிலிருந்து மத்தியானச் சோற்றை விட்டுவிட்டார். பன்னிரண்டரை மணி பெல் அடித்ததும் தன் தூக்குப்போசியைத் திறந்து, ரசஞ்சோற்றைப் பிசைந்து குழைத்து, நடு நாற்காலிக்குப் போய் சாந்தாமணிக்கு ஊட்டிவிட்டுத் திரும்பி வந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார். சட்டை அவர் மேல் ஆணியில் மாட்டினதுபோலத் தொங்க ஆரம்பித்தது.

கம்பெனியே சேர்ந்து சொல்லி அனுப்பி, மேகலா அக்காவைக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், ஊசியை எடுக்க. ஸ்கேன் மெஷினும் ஒரு காந்தம் என்பதால் சாந்தாமணி உள்ளே போனதும் இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று இழுத்துப் பார்த்துவிட்டுச் சமாதானமாகிவிட்டன என்றும், இப்படிச் சத்தமே போடாமல் அந்த மெஷின் ஓடி நான் பார்த்ததில்லை என்றும் ஆபரேட்டர் சொன்னார். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"ஊசி எதுவும் இல்லம்மா. இரும்பு தானா சேர்ந்திருக்கு. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஊசின்னா ஒரு பக்கம்தானே இருக்கும்? இது பார்க்கப் புலிக்கண் மாதிரி இருக்குன்னு நாங்க சொல்லுவோம். சுத்தி இந்த வெள்ளையான பகுதி, ஒயர் மேல இருக்கிற ரப்பர்னு வச்சுக்குங்களேன், அது கரைஞ்சிட்டே வருது. அதான் நடை, பேச்சு எல்லாம் போகுது. உங்க வீட்டுல முன்னாடி யாருக்காச்சும் இப்படி இருந்துதா?"

மேகலா தகப்பனைப் பற்றி, தன் அய்யனைப் பற்றிச் சொன்னாள். நாற்பது வயதில் ஆரம்பித்தது. விரல் நுனியில் நடந்தார், தள்ளாடினார், நாக்கு குழறினது. குடிகாரன் என்று ஊர் சொன்னது. கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். மேகலாவும் சாந்தாமணியும் வளர்ந்ததெல்லாம், எங்க அய்யன் குடிக்க மாட்டார் என்று ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டுக்கொண்டு வளர்ந்ததுதான். நாற்பத்தேழில் விறைத்துப்போய்ச் செத்தார். ஸ்டாண்டு போடாத சைக்கிள் அவர் பக்கத்தில் சாயாமல் நிற்கும் என்பதையும் சொன்னாள். அந்தக் காலத்தில் அதை யாரும் கவனித்து ஒன்றும் சொன்னதில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இது வழிவழியா வர்றதும்மா. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி. உங்களுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் கொடுத்தா பார்த்துச் சொல்லிடலாம். கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கமுங்க போகோணும்?" என்று மேகலா கேட்டாள்.

மறுநாள் கம்பெனியில் அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னபோது ஒருத்தரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டாக்டருக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும், ஒரு ஊசி மாற்றத் தெரியுமா என்று நல்லசிவம் கேட்டார். ரெண்டு பக்கமும் இருக்குதுன்னா நுனி ரெண்டா ஒடஞ்சு போயிருக்கும் என்றாள் பேக்கிங்கில் ஒருத்தி. நோட்டுல இல்லாத நுனி வேற எங்கதான் போகும் என்றார் அங்கமுத்து, அதிலேயே நிலையாக நின்றுகொண்டு. அவர்கள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார்கள் என்று மேகலாவுக்கு முதலில் புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருத்தி தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்து, "நீ ஒண்ணும் நெனைக்காத சாமி, உனக்கு வெரல்ல ஊசி ஏறுனதே இல்லையல்லொ?" என்றபோதுதான் புரிந்தது. ஊசி என்றால் அது விபத்து, ஏறினவளோடு போய்விடும். ரத்தம் என்றால் அடுத்த ஆள் மேகலா. இருநூறு பேர் சேர்ந்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் அது வேண்டியிருந்தது. ஊசியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் சாமி கும்பிட்டாள். அக்கா தலைக்குள் ஒரு ஊசி இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறோமே என்கிற வெட்கம்கூட அவளுக்கு வரவில்லை.

அந்த மாசம்தான் சாந்தாமணியின் இடது கை மூடிக்கொண்டது. நாலு விரலும் கட்டை விரலை உள்ளே வைத்து இறுக மூடி, முஷ்டி மேலே எழும்பிக் காதோரம் போய் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இப்படியெல்லாம் ஆகும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். போன் பேசுகிறவள் மாதிரி அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஊசியக்கா, யாரு லைன்ல? மாமனா?" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரிப்பு மட்டும் கடைசிவரை அவளை விட்டுப் போகவில்லை.

பங்குனியில் மேகலாவுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். பெயர் தங்கவேலு, மங்கலத்தில் ஆறு தறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது, சம்சாரம் தவறி நாலு வருஷம், பிள்ளை இல்லை. வந்து உட்கார்ந்தவர், சுவர் முழுக்கப் பார்த்துவிட்டு, நடு வீட்டில் நகர்ந்து நின்ற பீரோவைத் தாமே எழுந்து தள்ளி வைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். மேகலாவுக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒன்று அவளுக்கு வேண்டும் என்று இருந்தது, அது இதுதான்.

"உங்க அய்யன் கொஞ்சம் தண்ணி போடுவாருன்னு சொன்னாங்க," என்றார் தங்கவேலு. "அதொண்ணும் இல்லீங்க, எங்க அய்யனும் அப்படித்தான்."

வாழ்க்கை முழுக்க அந்தப் பேச்சுக்குச் சண்டை போட்டவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தாள். குடிகாரன் மகளைக் கட்டுவார்கள்.

"உங்க அக்காவுக்கு ஊசிதானுங்களே? புரோக்கர் அப்படித்தான் சொன்னாரு. ஆனா நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நான் ஒரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல நாயாக் கெடந்தவனுங்க. இன்னொருக்கா என்னால ஆகாது. திங்கக்கெழமை டீ நேரத்துக்கு உங்க கம்பெனிக்கு எதிர்க்க வர்றேன். உங்க வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் நம்பிக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகலா அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். மூடின கையிலிருந்து ரெண்டு நாளாக ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. நகம் உள்ளே பதிந்து புண்ணாகிவிடும், விடாமல் பிரித்துத் துடையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் செய்யாமலே விட்டிருந்தாள், பிரிக்கப் போனால் அக்கா அப்படி ஒரு சத்தம் போடுவாள் என்பதால். அன்றைக்கு வெந்நீரும் விளக்கெண்ணெயும் விட்டு, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சாந்தாமணி கத்தினாள். மேகலா விடவில்லை. கடைசியாகக் கட்டை விரல் விலகினபோது, உள்ளங்கையில், சதைக்குள் பாதி பதிந்து, துருவில் தோல் பழுத்து, ஒரு ஊசி நுனி இருந்தது.

அது எந்த நுனி என்று மேகலா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊசிக்காதின் நடுவில் உடைந்த பதினொன்றாம் நம்பர். எல்லா நுனிகளும் வந்ததுபோல அதுவும் எந்த விரிசலிலிருந்தோ ஊர்ந்து வந்திருக்கிறது. வந்ததை, இருபது வருஷம் அந்த மெஷினில் உட்கார்ந்தவள், நிறத்தின் பெயரும் ஆளின் பெயரும் மறந்துபோனவள், தன் ஊசி என்று கண்டுகொண்டிருக்கிறாள். கண்டுகொண்டது மட்டுமில்லை. இது கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் தங்கச்சிக்கு என்ன ஆகும் என்பதையும், கரைந்துகொண்டிருக்கிற அந்த மூளையின் எந்த மிச்சத்தை வைத்தோ யோசித்து, கையை மூடிவிட்டாள். கை தலையை நோக்கி எழும்பி நின்றதெல்லாம் உள்ளே இருந்த இரும்பு இழுத்த இழுப்பு. இத்தனை நாளும் அது குத்திக்கொண்டேதான் இருந்திருக்கும்.

சாந்தாமணி தங்கையைப் பார்த்தாள். மூன்று மாசமாக வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாதவள், நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு சொல்லைக் கொண்டு வந்தாள்.

"மூடு," என்றாள்.

மேகலா அந்தக் கையை மூடவில்லை. நுனியை எடுத்துவிட்டு, புண்ணைக் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டி, அக்காவுக்குத் தலை துவட்டிச் சாம்பிராணி காட்டினாள். சாயந்தரம் வரைக்கும் நுனியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். இதைத் தூக்கிச் சாக்கடையில் போட்டாலும் ஊர்ந்து திரும்ப வந்துவிடும். ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது? அவளும் அக்காவும் தவிர இதைப் பார்த்தவர் இல்லை. நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நம்பிக்கொள்வார். அப்புறம் அங்கமுத்து நினைவுக்கு வந்தார், காலியான தூக்குப்போசியை மூடிக்கொண்டு போகிற அங்கமுத்து.

திங்கட்கிழமை எட்டரை மணி ஷிப்ட் ஆரம்பித்து மெஷின்கள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும், மேகலா ஸ்டோருக்குள் போய்ப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா கைக்குள்ள இருந்துச்சுங்ணா. உங்க ஊசி தலைக்குப் போகல. நீங்க சோறு திங்கலாம்."

அங்கமுத்து பழைய நோட்டை எடுத்து, ஏழு வருஷத்துப் பழுத்த டேப்பைப் பிரித்து, அடிக்கட்டையை வெளியே எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நுனியை அதன் பக்கத்தில் நகர்த்தினார். உடைந்த பல்லும் பல்லும் சேர்ந்து முழு ஊசி ஆனது. ரெண்டு பேரும் பார்த்தார்கள். அவர் தோள் தளர்ந்து கீழே இறங்கினது. மூன்று மாசம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து மேகலாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினது.

நுனியை விரலால் தள்ளிவிட்டார்.

"இது அது இல்ல கண்ணு," என்றார். "இது பதினாலு."

"ணா, நோட்டுல ஒட்டியிருக்கறதுதாங்க பதினாலு. நீங்கதானுங்களே சொன்னீங்க."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஆனா ஊசி தெரியும். நம்பளது இன்னும் கெடைக்கல. உன்ற அக்கா தலைக்குள்ளதான் இருக்குது, அந்தப் பாவம் எனக்குத்தான்." நோட்டை மூடினார். மூடின நோட்டின்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டார். "போ சாமி. போய் வேலையப் பாரு. அவரு வந்தா ஊசின்னு சொல்லு."

மேகலா செக்கிங் மேஜைக்குத் திரும்பிப் போய் இருபது டஜன் பீஸ் பார்த்தாள். ஒவ்வொரு கைக்குழந்தைச் சட்டையையும் திருப்பிப் போட்டு, தையலில் கட்டை விரலை ஓட்டி, மறுபடியும் திருப்பி மடித்து வைத்தாள். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. நடு நாற்காலியில் சாந்தாமணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது லைனில் ஒரு ஊசி உடைந்து, யாரோ ஒருத்தி எழுந்து வந்து, அவள் தலையில் கையை வைத்துத் தடவி எடுத்துக்கொண்டு போனாள்.

பத்தரை மணி பெல் அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரத்தில் தங்கவேலு நின்றிருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. அவளுக்கும் சேர்த்து டீ சொல்லி, ரெண்டு கையிலும் ரெண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார், சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டு. ஒன்றை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றார். "ஊசிதானுங்களே?"

கேட்டுக்குள் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மேகலாவுக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் அங்கமுத்துவும் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி என்கிற அந்தச் சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. அவள் நாக்கு இன்னும் குழறவில்லை, நன்றாகச் சொல்லியிருப்பாள்.

"எங்க அய்யன் குடிக்க மாட்டாருங்க," என்றாள்.

அவருக்குப் பிடிபடவில்லை. "நான் அதக் கேக்கலீங்களே."

"ஒரு நாளும் குடிச்சதில்லீங்க. ஒரு சொட்டுக்கூட. அவருக்கும் அக்காவுக்கு வந்ததேதானுங்க. எனக்கும் வரலாமுங்க." சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எத்தனையோ ஷிப்மென்ட்டுக்கு முன்னாலிருந்து தள்ளிப்போட்ட அழுகை, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. தங்கவேலு டம்ளரைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மேகலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீ ஆறிப்போகுதுங்க, குடிங்க" என்றாள்.